பழைய ஸ்பானிய பிஸ்டல்கள்: வாங்கும் முன்பும் சுடும் முன்பும் கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவில். பழைய ராணுவ, போலீஸ் பிஸ்டல்களைச் சேகரிக்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஸ்பெயினில் செய்தவை. ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் நிற்பவர்கள் முதல் புதிதாக லைசென்ஸ் எடுத்த நண்பர்கள் வரை கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். இங்கே சொல்லும் சட்டம் அமெரிக்கச் சட்டம். மற்ற நாட்டு விஷயம் தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பானிய சர்ப்ளஸ் பிஸ்டல் எப்படிச் சந்தைக்கு வருகிறது?

ராணுவமோ போலீஸோ புதிய மாடலுக்கு மாறும்போது பழையதை மொத்தமாக விற்றுவிடும். லைசென்ஸ் பெற்ற இறக்குமதியாளர் அதை வாங்கி, தன் பெயரையும் ஊரையும் பிஸ்டல் மேல் பொறித்து, கடைகளுக்கு அனுப்புவார். அந்தப் பொறிப்பு சட்டக் கட்டாயம். சேகரிப்பாளர்களுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. சுடுவதற்கு வாங்குபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விலை குறைகிறது என்றால் நல்லதுதான்.

ஸ்பெயினின் சிவில் கார்டு என்ற துணை ராணுவப் போலீஸும் மற்ற காவல் படைகளும் வைத்திருந்த ஸ்டார் கம்பெனி பிஸ்டல்கள் 2010களில் இங்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. முதலில் 200 டாலருக்குக் கீழே கிடைத்தன. அந்த விலை இனி வராது.

ஸ்பானிய பிஸ்டல் என்றாலே மட்டமான சரக்கு என்கிறார்களே?

அந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட காலத்துச் சரக்கைப் பற்றிய பேச்சு.

1915இல் பிரெஞ்சு ராணுவத்துக்குப் பிஸ்டல் பற்றாக்குறை. பாஸ்க் நாட்டில் ஐபார் ஊர்க்காரர்களான கபிலோண்டோ நிறுவனத்திடம் ‘ரூபி’ என்ற பிஸ்டல் இருந்தது: 7.65 மில்லிமீட்டர், அதாவது .32 ஏசிபி, 9 தோட்டா மேகசின், பிரவுனிங்கின் 1903 மாடலைப் பார்த்துச் செய்தது. பிரான்ஸ் மாதம் 10,000 கேட்டது, பிறகு 30,000 என்றது. ஒரு கம்பெனியால் ஆகிற காரியமா? சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு பிரான்ஸ் நேரடியாகவே பட்டறைகளிடம் வாங்கத் தொடங்கியது. ஐம்பது பட்டறைகள் வரை இதில் இறங்கின. ஒரே பெயர், ஒரே தோற்றம். ஆனால் ஒருவர் செய்த மேகசின் இன்னொருவர் பிஸ்டலில் ஏறாது. அதனால்தான் பிஸ்டலிலும் மேகசினிலும் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இரண்டெழுத்துக் குறி போட்டார்கள், எது எதற்குச் சேரும் என்று சிப்பாய் கண்டுபிடிக்க.

கெட்ட பெயருக்கு உண்மையான காரணம் இரும்பு. சில பட்டறைகள் நல்ல எஃகைப் போட்டன, சில போடவில்லை. பதப்படுத்தாத உள்பாகங்கள் தேய்ந்து, ஹேமரை, அதாவது அடிக்கும் சுத்தியலை, பிடித்து நிறுத்தும் சியர் பிடிக்காமல் போகும். ஒருமுறை ட்ரிக்கரை இழுத்தால் இரண்டு மூன்று குண்டு தொடர்ந்து போகும் ரூபிகள் இதனால்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஸ்லைடின், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தின், இடது பக்கத்தில் ஒரு குமிழும் வைக்கச் சொன்னார்கள். உறையில் நுழைக்கும்போது தோல் உரசி சேஃப்டி தானாகத் திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. ரூபியைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் குமிழ்தான்.

போர் முடிந்ததும் ஆர்டர் நின்றது. சில பட்டறைகள் வேறு தொழிலுக்குத் தாவின. இன்று சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த ஓர்பியா, பிஹெச் இரண்டும் ஐபாரில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனிகளே. அந்த சைக்கிளை யாரும் மட்டம் என்று சொல்வதில்லை.

ரூபியை வாங்கலாம், வரலாற்றுக்காக அலமாரியில் வைக்கலாம். என்னைக் கேட்டால் சுட வேண்டாம்.

எந்தக் கம்பெனியை நம்பலாம்?

உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஃபிராங்கோ அரசு பிஸ்டல் செய்ய மூன்றே மூன்று கம்பெனிகளுக்குத்தான் அனுமதி கொடுத்தது: ஐபாரின் ஸ்டார், குவெர்னிகாவின் ஆஸ்ட்ரா, கபிலோண்டோவின் லாமா. ரூபி செய்த அதே குடும்பம்தான் லாமா. மட்டமான இரும்பும் கண்மூடித்தனமான நகலும் அதோடு பெரும்பாலும் ஒழிந்தன.

தரத்தில் ஸ்டாரும் ஆஸ்ட்ராவும் ஒரு படி மேல். லாமா அழகாக இருக்கும், ஆனால் ஒன்று நன்றாக அமையும், அடுத்தது சொதப்பும். இது என் கருத்து. லாமா பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள்.

எந்த வருடம் செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபிரேமில், அதாவது பிஸ்டலின் உடலில், உள்ள முத்திரைகளைப் பாருங்கள். ஐபாரில் அரசாங்கச் சோதனைச்சாலை இருந்தது. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அங்கே கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். 1927இலிருந்து அந்த முத்திரையோடு வருடத்துக்கு ஒரு எழுத்தும் சேர்ந்தது. 1927 என்றால் ஏ, 1928 என்றால் பி, இப்படியே போகும்.

இதில் பலர் தவறுவது ஒரு இடத்தில். அந்தக் காலத்து ஸ்பானிய அகரவரிசையில் ‘சிஎச்’, ‘எல்எல்’, மேலே வளைகோடு போட்ட ‘என்’ ஆகிய மூன்றும் தனி எழுத்துகள், டபிள்யூ கிடையாது. ஆங்கில வரிசையில் விரல்விட்டு எண்ணினால் கணக்கு உதைக்கும். இசட் 1954இல் முடிந்து, 1955இல் ஏ1 என்று மறுபடி தொடங்கியது.

இந்த எழுத்து சும்மா தெரிந்துகொள்வதற்கு மட்டுமல்ல. கீழே லைசென்ஸ் பற்றிப் படிக்கும்போது ஐம்பது வருடக் கணக்கு வரும், அங்கே இது பணமாக மாறும்.

முதல் ஸ்பானிய பிஸ்டலாக எதை வாங்கலாம்?

ஸ்டார் பிஎம். 9 மில்லிமீட்டர் பாராபெல்லம், எட்டுத் தோட்டா மேகசின், நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பேரல், முழுக்க எஃகு. கையில் கனமாக உட்காரும், அதனால் உதைப்பு மென்மை. 1970களில் தொடங்கி ஸ்பானிய போலீஸும் சிவில் கார்டும் வைத்திருந்தது. நாள் முழுக்க இடுப்பில் தொங்கிவிட்டு எப்போதாவதுதான் சுடப்பட்டிருக்கும் என்பதால் வெளியே தேய்ந்தும் உள்ளே புதிதாகவும் இருக்கும் பிஸ்டல்கள் நிறைய. பேரலின் வாயிலும் ஸ்லைடின் ஓரத்திலும் கருமை போய் வெள்ளை இரும்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது உறை தேய்த்தது.

இதன் அலுமினிய ஃபிரேம் தம்பி பிகேஎம். தூக்கிச் செல்ல லேசு, சுடுவதற்கு பிஎம்தான்.

பிஎம் பார்க்க கோல்ட் 1911 மாதிரியே இருக்கிறதே, அதன் பாகங்கள் சேருமா?

சேராது. தோற்றம்தான் 1911. பின்பிடியில் அமுக்கும் கிரிப் சேஃப்டி ஸ்டாரில் இல்லை. ட்ரிக்கர் நேராகப் பின்னால் நகராமல் ஒரு ஆணியில் சுழலும், அதன் கம்பி ஃபிரேமின் வலது பக்கமாக ஓடும். சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் வெளியே தெரியும்.

இன்னொன்று: மேகசின் இல்லாவிட்டால் ட்ரிக்கர் வேலை செய்யாதபடி பிஎம்மில் ஒரு பூட்டு உண்டு. கடையில் மேகசினைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்த்து ‘இது ரிப்பேர்’ என்று திருப்பி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முந்தைய உரிமையாளர் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்ட பிஸ்டல்களும் சுற்றுகின்றன. அதனால் இரண்டு விதமாகவும் சோதியுங்கள்.

ஸ்டார் என்றாலே ஃபயரிங் பின் உடையும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஃபயரிங் பின் என்பது தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் பகுதியான பிரைமரைக் குத்தும் ஊசி. ஸ்டாரில் அது கடினமாகப் பதப்படுத்தப்பட்டது. கடினம் கூடினால் நொறுங்கும் தன்மையும் கூடும். தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை இழுக்கும் ‘டிரை ஃபயர்’ பழக்கம் இதற்கு எமன். உள்ளே தோட்டா இருந்தால் பின் அதன் பிரைமரில் மோதி நிற்கும். இல்லாவிட்டால் தன் முழு வேகத்தோடு ஸ்லைடுக்குள்ளேயே மோதி நிற்க வேண்டும். நூறு முறை தாங்கும், ஒருநாள் தெறிக்கும். முனை உடைந்து துளையிலேயே சிக்கி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஆபத்து: ஸ்லைடு மூடும்போதே அது பிரைமரைக் குத்தக்கூடும்.

அதனால் பிஸ்டல் வாங்கிய கையோடு இரண்டு காரியம். ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா இரண்டு மூன்று வாங்குங்கள். பயிற்சி எல்லாம் அதை வைத்துத்தான். கூடவே ஒரு உபரி ஃபயரிங் பின். நான் பிஸ்டலைத் தேடுவதற்கு முன்பே பின் கிடைக்கிறதா என்று தேடுவேன். கிடைக்காத மாடல் என்றால் விலை பேசுவதே இல்லை.

ஆஸ்ட்ரா 400 எந்த ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவையும் சுடுமாமே?

இதை நம்பித்தான் பலர் அதை வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஆஸ்ட்ரா 400 ஸ்பானிய ராணுவம் 1921 மாடல் என்று ஏற்றுக்கொண்ட பிஸ்டல். கம்போ-ஹீரோ என்ற பிரபு வடிவமைத்ததன் வழித்தோன்றல். முன்பக்கம் நீண்ட உருளையாக இருப்பதால் ஸ்பெயினில் இதைச் செல்லமாகச் சுருட்டு என்பார்கள். இதன் தோட்டா 9 மில்லிமீட்டர் லார்கோ. கேஸ், அதாவது குண்டையும் மருந்தையும் பிடித்திருக்கும் கூடு, 23 மில்லிமீட்டர் நீளம். நாம் கடையில் வாங்கும் பாராபெல்லத்தின் கேஸ் 19 மில்லிமீட்டர்தான்.

இவ்வளவு வலுவான தோட்டாவுக்குப் பேரலையும் ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டும் அமைப்பு எதுவும் இதில் இல்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் முறுக்கும்தான் பிடித்து நிறுத்துகின்றன. ஸ்லைடை முதன்முறை இழுக்கும்போதே தெரியும், உள்ளங்கை சிவந்துவிடும்.

பாராபெல்லத்தைப் போட்டால் என்ன ஆகும்? கேஸின் வாய், தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் முனையில் போய் முட்டி நிற்க வேண்டும். 4 மில்லிமீட்டர் குட்டையாக இருப்பதால் முட்டாது. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கியில் மட்டும் தொங்கும். சில சமயம் வெடிக்கும், சில சமயம் வெடிக்காது, சில சமயம் கேஸ் கிழியும். ‘என்னுடையது நன்றாகச் சுடுகிறதே’ என்பவர் சொல்வது பொய்யல்ல. அவருடைய எக்ஸ்ட்ராக்டர் இன்னும் தாங்குகிறது, அவ்வளவுதான். .38 சூப்பர் நீளத்தில் ஏறக்குறையச் சமம். ஆனால் வேகம் அதிகம், நூறு வயது நெருங்கும் ஸ்லைடை அடித்து நொறுக்கும். இவற்றையெல்லாம் விடப் பயங்கரம் 9x23 வின்செஸ்டர். அளவில் லார்கோவும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அழுத்தத்திலோ வேறு ஜாதி. பெட்டி மாறினால் கையே போகும்.

லார்கோ என்று அச்சிட்ட தோட்டா மட்டும் போடுங்கள். கிடைப்பது அருமை, விலையும் அதிகம். கேஸ் வாங்கித் தாமே தோட்டா தயாரிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் 400 உண்மையில் ஏற்றது. கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முன்மூடி அந்த ஸ்பிரிங்கின் முழு விசையோடு பறந்து வரும்.

அப்படியானால் ஆஸ்ட்ரா 600?

அது பாராபெல்லத்துக்காகவே செய்தது, 400இன் குட்டித் தம்பி. ஜெர்மன் ராணுவம் கேட்டுச் செய்யப்பட்டது. 1944இல் 10,450 பிஸ்டல்கள் போய்ச் சேர்ந்தன. நேச நாட்டுப் படைகள் பிரான்ஸுக்குள் முன்னேறி, எல்லைப் பாதை அடைபட்டதும் மீதி குவெர்னிகாவிலேயே தங்கிவிட்டது. அவற்றில் ஒரு பகுதியைப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி போலீஸ் வாங்கியது. ஜெர்மன் ஆய்வு முத்திரை உள்ளதற்கு இரட்டிப்பு விலை கேட்பார்கள். கள்ள முத்திரையும் அதனாலேயே உண்டு. சுடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முத்திரை இல்லாததை வாங்குங்கள்.

1937 ஏப்ரல் 26 அன்று விமானங்கள் குண்டு பொழிந்து குவெர்னிகா நகரை எரித்தபோது ஆஸ்ட்ரா செய்த உன்செத்தா ஆலை சேதமின்றித் தப்பியது. ஊரின் வீடுகள் போயின, ஆயுத ஆலை நின்றது. இந்தப் பிஸ்டலைக் கையில் எடுக்கும்போது அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

கடையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகுதான் எதுவும். பிறகு ஸ்லைடைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

பேரலின் பின்புறம் வெள்ளைத்தாளை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்வரிகள் சுழன்று போவது தெளிவாகத் தெரிய வேண்டும். நடுவில் கருப்பாக ஒரு வளையம் நிழல் போல் தெரிந்தால் அங்கே பேரல் வீங்கியிருக்கிறது. எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி, அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள். வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஹேமரை முழுக்க ஏற்றி, ட்ரிக்கரைத் தொடாமல் கட்டைவிரலால் முன்னால் தள்ளுங்கள். விழுந்தால் சியர் தேய்ந்துவிட்டது. சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை இழுங்கள், பிறகு சேஃப்டியை எடுத்துவிடுங்கள். அப்போதும் ஹேமர் அசையக் கூடாது. இந்தச் சோதனைகளில் ஹேமர் விழ வேண்டி வந்தால் ஸ்னாப் கேப் போட்டு, இல்லையேல் விரலால் தாங்கி இறக்குங்கள். ஃபிரேமில் ஸ்லைடு ஸ்டாப் ஆணி நுழையும் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அலுமினிய ஃபிரேம் என்றால் இரண்டு முறை.

மேகசின் எத்தனை தருகிறார்கள் என்பது விலையில் ஒரு பகுதி. தனியாக வாங்கப் போனால் அதன் விலை கேட்டு மயக்கம் வரும்.

எந்தத் தோட்டா போடலாம்?

பேரலில் பொறித்தது எதுவோ அது. பிஎம்முக்குச் சாதாரண அழுத்தத்தில் 115 அல்லது 124 கிரெய்ன் முழுக்கவசக் குண்டு. பெட்டியில் கூட்டல் குறி போட்ட உயர் அழுத்தத் தோட்டா வேண்டாம். முனை குழிந்த குண்டுகள் பழைய ஸ்டாரில் ஏறும்போது அடிக்கடி சிக்கும்; அந்தக் காலத்தில் உருண்டை முனைக்குத்தான் சரிவு வெட்டினார்கள். முதல் நூறு தோட்டாவுக்கு முன் ரீகாயில் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றுங்கள். சில டாலர் செலவுதான், ஃபிரேமின் ஆயுள் கூடும்.

பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் அதன் பிரைமரில் உப்பு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் குளோரேட் எரிந்து பேரலில் உப்பாகப் படியும், காற்றின் ஈரத்தை இழுக்கும், இரண்டே நாளில் துரு. எண்ணெய் உப்பைக் கரைக்காது. அன்றைக்கே சுடுநீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய்.

உதிரி பாகம் கிடைக்குமா?

ஸ்டாரும் ஆஸ்ட்ராவும் 1997இல் மூடப்பட்டன. லாமா இன்னும் சில வருடம் இழுத்துப் பிடித்துவிட்டு நின்றது. அதனால் இன்று கிடைப்பது பழைய கையிருப்பும், உடைத்து விற்கப்பட்ட பிஸ்டல்களின் பாகங்களும், ஓரிருவர் புதிதாகச் செய்யும் ஸ்பிரிங்கும் பின்னும்தான். பிஎம்முக்கு இப்போதைக்குப் பஞ்சம் இல்லை. அரிதான மாடலை வாங்கினால், ஒரு ஆணி தொலைந்தாலும் லேத் பட்டறையைத்தான் தேட வேண்டும்.

அமெரிக்காவில் என்ன லைசென்ஸ் வேண்டும்?

சாதாரணக் கடை வழியாக வாங்கினால் மற்ற பிஸ்டலுக்கு உள்ள அதே விதிகள். சேகரிப்பவர்களுக்கு ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ லைசென்ஸ் என்று ஒன்று உண்டு, மூன்று வருடத்துக்கு 30 டாலர். அது இருந்தால் செய்து ஐம்பது வருடம் முடிந்த, வடிவம் மாற்றப்படாத துப்பாக்கியை மாநிலம் தாண்டியும் நேராக வீட்டுக்கு வரவழைக்கலாம். 1974இல் செய்த பிஎம் தகுதி பெறும், 1985இல் செய்தது 2035 வரை காத்திருக்க வேண்டும். ஐபார் எழுத்து பணமாகும் என்றேனே, இதற்காகத்தான். இது வியாபாரம் செய்யும் லைசென்ஸ் அல்ல. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் மேலும் கட்டுப்பாடுகள் உண்டு. மாநில விதியைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கனடாவில், இங்கிலாந்தில், இந்தியாவில் உள்ளவர்கள்?

டொரன்டோ நண்பர்களுக்கு: 2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டுள்ளது. அதற்கு முன்பே 105 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைந்த பேரல் உள்ளவையும் .32 கலிபரும் தடைப் பட்டியலில். பிஎம் அதிலேயே அடிபட்டுப்போகும். இங்கிலாந்தில் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்த 1997 சட்டத்தோடு கதை முடிந்தது.

இந்தியாவில் 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட வகை, தனியாருக்குக் கிடையாது. வெளிநாட்டு பிஸ்டல் இறக்குமதியும் பொதுமக்களுக்கு 1980களிலேயே நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வந்த .32 பிஸ்டல்கள், ஸ்பானியவையும் சேர்த்து, குடும்பச் சொத்தாகக் கைமாறுகின்றன. ஒருவரிடம் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. தாத்தா விட்டுச்சென்றது ஏதாவது வீட்டில் இருந்தால் பெட்டியில் பூட்டி மறைக்காமல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ முறைப்படி தெரிவியுங்கள்.

தற்காப்புக்கு இடுப்பில் செருகிக்கொள்ளலாமா?

வேண்டாம். ஃபயரிங் பின்னைத் தடுக்கும் தனிப் பூட்டு இவற்றில் பெரும்பாலும் இல்லை; தோட்டா ஏற்றிய நிலையில் கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. ரேஞ்சில்கூட, சுடும் வரிசையில் நிற்கும்போது தவிர சேம்பரைக் காலியாகவே வைத்திருங்கள்.

கறுப்பு போய்விட்டது, நிக்கல் பூசிப் பளபளப்பாக்கலாமா?

உங்கள் பிஸ்டல், உங்கள் காசு. ஆனால் பாலிஷ் சக்கரம் முதலில் தின்பது முத்திரைகளைத்தான். வருட எழுத்து மழுங்கினால் வயதை நிரூபிக்க முடியாது, சேகரிப்பாளர் எவரும் பாதி விலைகூடத் தரமாட்டார். நிக்கல் பூசிய லாமாக்கள் கன் ஷோ மேசைகளில் வருடக்கணக்கில் கிடப்பதைப் போய்ப் பாருங்கள். மெல்லிய எஃகு நாரில் எண்ணெய் தொட்டு மேல்துருவை மட்டும் தேய்த்தெடுத்தால் போதும்.

வீட்டில் எப்படி வைப்பது?

பூட்டிய இரும்புப் பெட்டியில், தோட்டாவை வேறு இடத்தில். தோல் உறைக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், மழைக்காலம் முடிந்து திறந்தால் உறையின் வடிவத்திலேயே துரு படர்ந்திருக்கும். மேகசினில் தோட்டா நிரப்பி வைக்க வேண்டாம்.